கப்பல் சலாம் சொன்ன வாசல்

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், முதலில் அவிழ்த்துவிட்டு வந்து உட்காருங்கள். நான் காத்திருக்கிறேன். எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி டைப் அடிக்கிறாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் விடுதலை கொடுத்துவிட்டேன். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றிவிடுவாள். அதனால் நடுவில் எங்காவது நான் படித்தவள் மாதிரித் தெரிந்தால் பயந்துவிடாதீர்கள், அது அவள் செய்த வேலை.

காரைக்கால் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக் குதிரை நடத்துகிற நீங்களும், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கொண்டுபோகிற நீங்களும் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான். "பாட்டி, குதிரை மெரண்டா என்ன பண்ணணும்?" அது மிரண்ட பிறகு உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது கண்ணுகளா. அதற்கு முன்னால் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது, வாய் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். போலகத்திலிருந்து வரும் அம்சாவுக்கு வாய் மட்டும் எப்போதும் வேலை செய்கிறது. அதில் தப்பில்லை, குதிரைக்குப் பேச்சுக்குரல் பிடிக்கும். போனில் பேசுகிறாயே, அதுதான் அதற்குப் பிடிக்காது. நீ யாரோடு பேசுகிறாய் என்று அதற்குக் குழப்பம்.

நான் இந்த வேலைக்குக் குதிரையைப் பார்த்து வரவில்லை. விழிதியூர் வாய்க்கால் கரையில் அறுத்த புல்லைக் கட்டிக்கொண்டுபோய் முதலாளியின் தோப்பில் போடுவேன். முதலாளி அப்போதுதான் கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்து, கடற்கரைச் சாலையில் ஓட்டுவதற்கு இரண்டு குதிரை வாங்கித் தோப்பில் கட்டியிருந்தார். வெள்ளைக் குதிரைக்குக் கப்பல் என்றே பெயர் வைத்தார். நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடக்கும், பெயர் பொருத்தம்தான். இன்னொன்று மல்லி. மல்லியை உங்களுக்குத் தெரியும், இப்போதும் தோப்பில் நின்று உங்கள் சட்டைப்பையைத் துழாவுகிறதே, அதுதான்.

குதிரைகளோடு வடக்கேயிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. ஒருநாள் புல் இறக்கிய பிறகு, சும்மா கப்பலைப் பிடித்து நடத்திப் பார்க்கலாம் என்று கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். மாட்டை அப்படித்தானே பிடிப்போம். அந்த ஆள் ஓடிவந்து கயிற்றைப் பிடுங்கினார். நான் குழம்புக்கு வாங்கி வைத்திருந்த புடலங்காயைப் பையிலிருந்து எடுத்தார். அதில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு கயிற்றை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார். புடலங்காய் மூன்று துண்டாகத் தரையில் கிடந்தது. அவர் என் விரல்களைக் காட்டினார், புடலங்காயைக் காட்டினார், தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்குக் குழம்பு வைத்தேன், ஆனால் காய் நறுக்கும்போது ஒரு மாதிரியாக இருந்தது.

அவர் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு குதிரைகள் என் பொறுப்புக்கு வந்தன. "அக்கா, ஒங்க பேச்சக் கேட்டாத்தான் அதுங்க நிக்குது, நீங்களே பாத்துக்கங்க" என்றார் முதலாளி. புல்லுக்கட்டுக்காரி குதிரைக்காரி ஆனது இப்படித்தான்.

இனி நான் சொல்ல வந்த கல்யாணத்துக்கு வருகிறேன். டி.ஆர்.பட்டினத்தில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றிப் பெண் வீட்டு வாசல்வரை கொண்டுபோக வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்குச் சற்று முன்னால் பெண்ணின் உடன்பிறந்தவன் வந்து, குதிரைக்காரர் கையிலிருந்து கயிற்றை வாங்கித் தானே மச்சானை உள்ளே அழைத்துப்போக வேண்டும். நடுவில் கயிறு கையைவிட்டு நழுவினால் நல்லதில்லை என்பார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமாம்.

எனக்கு ஒரு பழக்கம். ஊர்வலம் போகிற வழியைக் காலையிலேயே குதிரை இல்லாமல் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுவேன். நீங்கள் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாத்தாச்சு பாட்டி" என்கிறீர்கள். வண்டியில் போனால் உங்கள் கண் பார்க்கும். நடந்துபோனால்தான் குதிரையின் கண் பார்க்கும். அன்றைக்கு அந்தத் தெருவில் சாக்கடைக்கு மேலே இரும்புக் கம்பி மூடி போட்டிருந்ததைப் பார்த்தேன். குதிரைக்கு அது பள்ளம் மாதிரித் தெரியும், கால் வைக்காது. பெண் வீட்டில் சொல்லி, பழைய தரைவிரிப்பு ஒன்றைப் போடச் சொன்னேன்.

பெண்ணின் அம்மா எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பக்கத்தில் நின்ற மகனைக் காட்டினார். ரியாஸ் என்று பெயர். தோள் அகலமான பிள்ளை, ஆனால் முகத்தில் மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

"இவந்தான் கயிறு புடிக்கப் போறான்" என்றார் அந்த அம்மா. "கல்யாணம் முடிஞ்ச கையோட குவைத்துக்குப் போறான். கிரேன் ஓட்டுற வேல. அங்க போனதும் கைய நீட்டு, மடக்குன்னு எல்லாம் டெஸ்ட் பண்ணுவாங்களாம். இவன் வாப்பா போனதுக்கப்புறம் இவன் கையத்தான் நம்பிக் கெடக்கோம். இவனுக்குக் கீழ தங்கச்சிங்க இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். எனக்குப் புடலங்காய் ஞாபகம் வந்தது.

"தம்பி, கயித்தக் கையில சுத்தக் கூடாது. துணி மடிக்கிற மாதிரி மடிச்சு, உள்ளங்கையில வச்சுப் புடிக்கணும். குதிரை இழுத்தா அது பாட்டுக்கு உருவிட்டுப் போவணும்" என்றேன்.

"உருவிட்டுப் போனா அசிங்கம்ல பாட்டி. பெரிய வாப்பா விடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"பெரிய வாப்பா கிரேன் ஓட்டப் போறாரா?"

சிரித்தான். தலையை ஆட்டினான். தலையாட்டுகிறவர்களை நம்பாதீர்கள். குதிரையும் நாள் முழுக்கத் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மேளம், பின்னால் கப்பல், கப்பலின் மேல் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு முகம் முழுக்கப் பூத்தொங்கல். பூவுக்கு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பாட்டி, இதுக்கு பிரேக் எங்க இருக்கு?"

"நாந்தான் பிரேக். பிடரிய ஒரு கையால புடிச்சுக்கிட்டு உக்காருங்க. கீழ பாக்காதீங்க, பொண்ணு கீழ இல்ல."

நான் எப்போதும் போல இடப்பக்கம், அதன் தோளுக்குப் பக்கத்தில் நடந்தேன். அந்த இடத்தை விடாதீர்கள். மூக்குக்கு நேர் எதிரே நின்றால் அதற்கு உங்களைத் தெரியாது, வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. தெரியாத ஆளை அது மிதித்தும் போகும், உதைக்கவும் செய்யும். தோளோரம் நின்றால் அது உங்களைப் பார்க்கும், நீங்களும் அதன் காதைப் பார்க்கலாம். காது என்ன சொல்கிறதோ அதைத்தான் கால் பிறகு செய்யும்.

தெருவுக்குள் திரும்பியதும் கூட்டம் நெருங்கியது. மருமகன்கள், மச்சான்கள், சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு குதிரைக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார்கள். தரைவிரிப்பு போட்ட இடத்தைக் கப்பல் அழகாகத் தாண்டியது. ரியாஸ் புதுச் சட்டையோடு வந்து நின்றான். கயிற்றை அவன் உள்ளங்கையில் மடித்து வைத்துக் கொடுத்தேன். அப்போதெல்லாம் ஒரே கயிறுதான். கொடுத்துவிட்டால் என் கையில் ஒன்றும் இருக்காது.

போட்டோக்காரர் அவனை முன்னால் வரச் சொன்னார். கூட்டத்துக்குள்ளேயிருந்து அவன் வாப்பாவின் அண்ணன், அந்தப் பெரிய வாப்பா, "கெட்டியாப் புடிடா" என்றார். கெட்டியாக என்று காதில் விழுந்ததும் அந்தப் பிள்ளையின் கை தானாகவே சுற்றிக்கொண்டது. மணிக்கட்டில் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று. நான் வாயைத் திறப்பதற்குள், கையால் திருகினால் வெடித்துக் கலர்க் காகிதம் கொட்டுமே ஒரு குழல், அதை எவனோ கப்பலின் மூக்குக்கு நேராக வெடித்தான்.

கப்பல் தலையைத் தூக்கியது. பின்னால் போகத் தொடங்கியது.

இப்போது படிப்பதை நிறுத்திவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அம்சா, நீ முகக்கயிற்றைத் தாவிப் பிடித்து இழுத்திருப்பாய், எனக்குத் தெரியும். பின்னால் போகிற குதிரையை முன்னால் இழுத்தால் அது இன்னும் பலமாகப் பின்னால் போகும். அதற்கும் வழியில்லை என்றால் முன்னங்காலைத் தூக்கும். மேலே பூவுக்குள் ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார்.

ரியாஸ் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தான். கயிறு கம்பி மாதிரி விறைத்தது. அவன் விரல்கள் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். கூட்டம் முழுக்க, "விடாத, விடாத" என்கிறது. நான் ஒருத்தி "விடு" என்றால் எடுபடுமா? அவனே நினைத்தாலும் விட முடியாது, இறுகிவிட்டது. கத்தியால் அறுக்கலாம் என்றால் கத்தி பிரியாணிச் சட்டிப் பக்கம் இருக்கிறது. கயிறு தளர ஒரே வழிதான் உண்டு. குதிரை போகிற பக்கம் அவனும் போகவேண்டும்.

மிரண்ட குதிரையைவிட மிரண்ட மனிதர்கள்தான் கஷ்டம். அவர்களுக்கு அவமானம் வருகிற எதையும் அவர்கள் செய்ய மாட்டார்கள். அவமானம் இல்லாத ஒன்றைச் சொன்னால் உடனே செய்வார்கள்.

"தம்பி, இங்க வா" என்றேன், ஏதோ வெற்றிலை வாங்கிவரச் சொல்கிற குரலில். "மாப்புள்ள ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணுங்கிறாரு. கிட்ட வா."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மச்சான் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா. என் பக்கம் காலெடுத்து வைத்தான். கயிறு கொஞ்சம் தொய்ந்தது.

"இன்னும் கிட்ட. அது போற தெசையிலேயே வா. அவசரம் இல்ல."

கப்பலின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். நாங்கள் மூன்று பேரும், மேலே இருந்தவரையும் சேர்த்தால் நான்கு பேரும், பின்பக்கமாகத் தெருவில் போய்க்கொண்டிருந்தோம். மேளம் மட்டும் நிற்கவில்லை. அந்தச் சத்தம் நிற்காமல் கப்பலும் நிற்காது. நான் கத்தினால் மேளக்காரருக்குக் கேட்காது. அவர் பார்ப்பது ஒரே ஒருவரைத்தான்.

"மாப்புள்ள, ஒரு கையத் தூக்குங்க" என்றேன்.

"எதுக்கு பாட்டி?"

"தூக்குங்க, சொல்றேன்."

பூவுக்குள்ளேயிருந்து ஒரு கை உயர்ந்தது. மேளம் சட்டென்று நின்றது. மாப்பிள்ளை கையைத் தூக்கினால் நிறுத்தாத மேளம் எந்த ஊரில் உண்டு? தெரு அமைதியானதும் கப்பலின் காதுகள் என் பக்கம் திரும்பின. இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தது. நின்றது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. நானும் விட்டேன்.

ரியாஸின் கையிலிருந்த சுற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். "மடக்கு" என்றேன். மடக்கினான். "விரி." விரித்தான். ஐந்தும் இருந்தது, ஐந்தும் அசைந்தது. வாசலில் நின்ற அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கயிற்றை மறுபடி மடித்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். இந்தத் தடவை அவன் தலையாட்டவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பெரிய வாப்பா முன்னால் வந்தார்.

"என்னங்க இது? வாசல் வரைக்கும் வந்துட்டு மாப்புள்ள பின்னுக்குப் போறாரு. நாலு பேரு என்ன சொல்லுவாங்க? எங்க வீட்டுக்குள்ள வரப் புடிக்காம போன மாதிரியில்ல இருக்கு?"

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முகமும் சுருங்கியது. ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். கை பிழைத்துவிட்டது, மானம் போய்விடும் போலிருந்தது. எனக்கு யோசிக்க நேரம் இல்லை. யோசிக்காமல் பேசுவதில் எனக்கு நிறைய அனுபவம் உண்டு.

"ஒங்களுக்குத் தெரியாததா பெரியவரே" என்றேன். "சலாம் சொல்லாம ஒரு வீட்டுக்குள்ள நுழைய முடியுமா? மனுசன் வாயால சொல்றான். குதிரை எப்புடிச் சொல்லும்? பொண்ணு வீட்டு வாசல்ல ரெண்டு எட்டுப் பின்னால வச்சு நின்னு, அப்புறந்தான் உள்ள வரும். பெரிய எடத்துக் கல்யாணத்துல எல்லாம் இதானே வழக்கம். சாதாரண வீட்டுல இத யாரு கேக்குறா?"

பெரிய வாப்பா என்னைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். கப்பல் நல்ல நேரம் பார்த்துத் தலையை ஒரு தடவை கீழே இறக்கி ஏற்றியது.

"ஆமா, ஆமா" என்றார், கூட்டத்தின் பக்கம் திரும்பி. "எங்க வாப்பாகூடச் சொல்லியிருக்காங்க. இப்ப உள்ள புள்ளைங்களுக்கு எங்க தெரியுது."

மாப்பிள்ளை உள்ளே போனார். ரியாஸ்தான் அழைத்துப் போனான், தோளோரம் நடந்து.

அடுத்த நாளே முதலாளியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, இனி எந்த ஊர்வலத்துக்கும் இரண்டு கயிறு. முகக்கயிற்றில் கட்டியது நம் கையில் இருக்கும், கொடுக்கவே மாட்டோம். பெண்ணின் உடன்பிறந்தவனுக்கு ஜரிகை சுற்றிய தனிக் கயிறு. அதைக் குதிரையின் மாலையில் வாழைநாரால் முடிந்துவிடுவோம். குதிரை இழுத்தால் நார் அறுந்துபோகும். கயிறு அவன் கையிலேயே இருக்கும். மரியாதையும் போகாது, விரலும் போகாது. நைலான் கயிற்றில் முடிந்தால் கெட்டியாக இருக்குமே என்று போன மாதம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள். யார் என்று சொல்லமாட்டேன், போலகத்துக்காரி. கெட்டியாக இருக்கக் கூடாது கண்ணு, அதற்காகத்தான் நார். தோப்பில் குதிரையைக் கம்பத்தில் கட்டும்போதும் கம்பத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் நார் வளையம் போடச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது விஷயத்தைச் சொன்னபோது முதலாளி சிரித்துச் சிரித்து இருமினார். கப்பலையும், பிறகு மல்லியையும் பின்பக்கமாக நடக்கப் பழக்கினேன். நெஞ்சில் கையை வைத்து "சலாம்" என்றால் இரண்டு எட்டுப் பின்னால் வைக்கும். கரும்புத் துண்டு கொடுத்தால் நான்கு எட்டும் வைக்கும், நீங்கள்தான் நிறுத்தவேண்டும். பட்டினத்துக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் கேட்டார்கள். "சலாம் போடுற குதிரைதானே?" என்று போனிலேயே உறுதி செய்துகொண்டார்கள். நெரவிப் பக்கத்தில் ஒரு வீட்டில், "அது வணக்கம்னு சொன்னாலும் போடுமா?" என்று கேட்டார்கள். போடும். அதற்கு எல்லா வீடும் ஒன்றுதான்.

பொய்யாகத் தொடங்கியதுதான். ஆனால் அதை நீங்கள் விட்டுவிடாதீர்கள். வாசலுக்கு முன்னால் குதிரையைப் பின்னால் வைக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அதைப் பார்க்கவேண்டும் என்று மேளக்காரர் தானே நிறுத்துகிறார். மூக்குக்கு முன்னால் போனோடு நின்றவர்கள் படம் எடுக்க ஓரமாக ஒதுங்குகிறார்கள். குதிரைக்கு உங்கள் குரல் கேட்கிறது. கயிறு பிடிக்கிற பிள்ளையும் அதை இழுக்காமல் கூடவே வருகிறான். வாசலைத் தாண்டும் முன்னால் உங்களுக்கு அந்த அமைதி கிடைக்கிறது. என்னிடம் யாராவது, கூட்டத்தை ஒதுக்குவது எப்படி என்று கேட்டிருந்தால் இவ்வளவு நல்ல வழி எனக்குத் தோன்றியிருக்காது.

முழங்கால் போதும் என்று சொன்னதால் நான் வேலையை விட்டேன். போன வாரம் அதே பட்டினத்து வீட்டுக்கு விருந்தாளியாகப் போனேன். ரியாஸின் கடைசித் தங்கைக்குக் கல்யாணம். நடுத் தங்கையின் கல்யாணத்தைக் குவைத்தில் இருந்தபடியே நடத்திவைத்தவன், இதற்கு நேரில் வந்திருந்தான். மீசை யோசித்து முடித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. எனக்கு வாசலோரம் நாற்காலி போட்டார்கள். மல்லியை அம்சா நடத்தி வந்தாள். போனை இடுப்பில் செருகியிருந்தாள், அதைப் பார்த்தேன், சந்தோஷம்.

ஜரிகைக் கயிற்றை வாங்குவதற்கு முன்னால் ரியாஸ் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அம்சா மடித்து வைத்தாள். அவளது "சலாம்" கேட்டதும் மல்லி இரண்டு எட்டுப் பின்னால் வைத்தது. மேளம் நின்றது. தெருவே பார்த்தது.

என் பக்கத்தில் நின்ற இளவட்டம் ஒருவன், பெரிய வாப்பாவின் பேரனாம், குனிந்து என் காதில் சொன்னான். "பாட்டி, நல்லாப் பாத்துக்கங்க. இது எங்க குடும்பத்துல தலமொற தலமொறயா வர்ற பழக்கம். வேற எங்கயும் இந்த மாதிரி பாக்க முடியாது."

"அப்புடியா தம்பி" என்றேன். "நான் எங்க இதெல்லாம் பாத்துருக்கேன்."

வாசல்படியில் ரியாஸ் திரும்பிப் பார்த்தான். அவனுக்குக் கேட்டிருக்காது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தூக்கி எனக்குச் சலாம் வைத்தான். ஐந்து விரலும் நன்றாக விரிந்திருந்தன.